விளாமரத்தூர் அறுத்த விளம்பரம்

செவ்வந்திக்கு உலகத்தில் யாரைப் பார்த்தாலும் இளக்காரம்தான். ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களைப் பார்த்தால் இளக்காரம், வருகிற பஸ்ஸைப் பார்த்தால் இளக்காரம், பஸ் நேரத்தைப் பலகையில் எழுதிவைத்தவர்களை நினைத்தால் கூடுதலாக ஒரு பங்கு. இதை அவளிடமே சொன்னால் மறுக்கமாட்டாள். "அறிவு கீறவன் ஒருத்தன காட்டுங்க, கும்புட்டு நிக்கறேன்" என்பாள். முப்பத்தொரு வயதுவரை அவளுக்கு யாரும் காட்டவில்லை.

அந்தத் திமிருக்கு அவளிடம் கொஞ்சம் முதலும் இருந்தது. ஜவ்வாது மலையில் நாற்பதே வீடுகள் உள்ள விளாமரத்தூரில் பிறந்து, உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே இறங்கிக் கல்லூரியில் கணினி படித்து முடித்தவள். சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் குப்பை கொட்டினாள். தன்னைவிட மேலதிகாரிக்குக் குறைவாகத்தான் தெரிகிறது என்பதைக் கண்டுபிடித்து, அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு மலையேறிவிட்டாள்.

வந்த இரண்டாம் வாரம் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். காலை ஆறே முக்காலுக்குப் போளூர் பஸ் என்று பலகையில் எழுதியிருந்தது. தூறலில் பத்து மணிவரை நின்றார்கள். அந்த பஸ்ஸை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். பஸ் எப்போது என்று முதலில் டைம் ஆபீஸில் போய்க் கேட்டதற்கு, "அதான் போர்டுல எழுதியிருக்குதே" என்றார் ஒருவர், டீயை உறிஞ்சிக்கொண்டே. அம்மா தேறிவிட்டாள். செவ்வந்திக்குத்தான் கோபம் இறங்கவில்லை. ஒரு மாதம் முழுக்க மலைமேல் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி இறங்கினாள். டிரைவர், கண்டக்டர் வாயைப் பிடுங்கி, எது வரும், எது வராது, எது பாதி வழியில் திரும்பிவிடும் என்று எழுதியெடுத்தாள். 'மலைபஸ்' என்று ஒரு இணையதளம் தொடங்கி அவ்வளவையும் அதில் போட்டாள். மழைக்கு மரம் விழுந்து பாதை அடைத்தால் அதையும் போட்டாள். இரண்டு வருடத்தில் டிரைவர்களே தங்கள் அடுத்த டிரிப்பு எத்தனை மணிக்கு என்று அதில் பார்க்க ஆரம்பித்தார்கள்.

தளத்தின் ஓரங்களில் விளம்பரம் வரும். ஒரு பெரிய விளம்பரக் கம்பெனி அனுப்புவது. பார்க்கிறவர்கள் அதைத் தொட்டு உள்ளே போனால் செவ்வந்தியின் கணக்கில் கொஞ்சம் சேரும். மாவு மில் மாடியில் அவள் எடுத்திருந்த ஒற்றை அறை, கரண்டு, தளம் குடியிருக்கும் சர்வரின் வாடகை, சோறு, எல்லாம் அதில்தான். கம்பெனி அந்தக் கணக்கை மூடினால் அறை போகும். அறை போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விளாமரத்தூரில் அண்ணன் தங்கவேல் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அண்ணி கல்பனா கெட்டவள் இல்லை. ஆனால் பார்க்கும்போதெல்லாம், "படிச்சவங்க இப்ப இன்னா வேல பண்றாங்க?" என்று கேட்பாள். ஐந்து வருடமாகச் செவ்வந்தி தலையை நிமிர்த்திக்கொண்டு அவள் எதிரில் நிற்க முடிந்தது அந்தக் கணக்கினால்தான்.

கம்பெனி கறாரானது. தன் தளத்து விளம்பரத்தைத் தானே தொடக்கூடாது. தெரிந்தவர்களைத் தொடவிடவும் கூடாது. கிளிக்குகள் திடீரென்று கன்னாபின்னாவென்று ஏறினால் காரணத்தைத் தேடிப்பிடித்து, அவர்கள் கேட்பதற்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும். செவ்வந்தி இதையெல்லாம் ஒருமுறை படித்தாள், மனப்பாடம் ஆகிவிட்டது. ஐந்து வருடத்தில் அவள் கணக்கில் ஒரு புள்ளிகூடக் கறை கிடையாது.

போளூரில் பார்த்திபன் என்று ஒருவன் இருந்தான். செவ்வந்தியின் இளக்காரத்தில் முதல் இடம் அவனுக்குத்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில், 'வீட்டிலிருந்தே லட்சங்களில் சம்பாதியுங்கள்' என்று பேனர் கட்டி வகுப்பு நடத்துபவன். அவனுடைய சொந்தத் தளத்தில் நல்ல நேரமும் எலுமிச்சம்பழத்தின் பயன்களும் இருக்கும், இரண்டும் வேறெங்கோ திருடியவை. அவன் மாணவர்கள் ஒருவர் தள விளம்பரத்தை இன்னொருவர் தொட்டுக்கொள்வார்கள் என்றும் கேள்வி. "அவனுக்கு லட்சம் வருது, வகுப்புக்கு வர்ற மக்குங்களாண்ட இருந்து" என்பாள் செவ்வந்தி.

நவம்பர் மாதம், மழை விட்டு அருவியில் தண்ணீர் நிறைந்திருந்த நேரம். சென்னைப் பையன் ஒருவன் பறக்கும் கேமராவோடு வந்து மலையைப் படம்பிடித்து, யாருக்கும் தெரியாத சொர்க்கம் என்று வீடியோ போட்டான். அந்தச் சொர்க்கத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாமை பயிரிட்டுவருவது அவனுக்குத் தெரியவில்லை. போவது எப்படி என்பதற்கு வீடியோவின் கீழே மலைபஸ்ஸின் முகவரியைக் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான். நாளுக்கு எண்ணூறு பேர் வந்த தளத்துக்கு வெள்ளிக்கிழமை ஒரே நாளில் தொண்ணூறாயிரம் பேர் வந்தார்கள்.

வந்தவர்களின் லட்சணத்தைச் சொல்லவேண்டும். எட்டு விநாடி நிற்பார்கள். அதற்குள், மேலே பிரியாணி கிடைக்குமா, அருவிக்கு லிஃப்ட் உண்டா, கரடி எத்தனை மணிக்கு வரும் என்று எழுதிப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பஸ் நேரத்தை ஒருவன்கூடப் படிக்கவில்லை. செவ்வந்தி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தபோதே, வரம்பு மீறிவிட்டது என்று சர்வர்காரர்கள் தளத்தை மூடிவிட்டார்கள். உடனே போன்மேல் போன். செங்கத்துக்குப் போகவேண்டிய ஒரு நர்ஸ், "மேடம், கடைசி பஸ் எப்போன்னு பாக்க முடியல" என்று அழாத குறையாகக் கேட்டாள். அந்த ஒருத்திக்காகத்தான் செவ்வந்திக்கு உண்மையில் வலித்தது.

வேலை என்று வந்துவிட்டால் அவளை யாரும் குறைசொல்ல முடியாது. சர்வரைப் பெரியதாக மாற்றினாள். கனமான புகைப்படங்களைக் கழற்றி எறிந்தாள். பக்கங்களின் நகல்களை வெவ்வேறு ஊர்க் கணினிகளில் வைத்து, கூட்டத்தை அங்கிருந்தே திருப்பி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தாள். பஸ் நேரப் பக்கத்தை மட்டும் தனியே பிரித்து, படமோ விளம்பரமோ இல்லாத வெறும் எழுத்தாக வைத்தாள். இனி எவ்வளவு பேர் அருவியைப் பார்க்க அலைமோதினாலும் செங்கத்து நர்ஸுக்கு பஸ் தெரியும். சனிக்கிழமை மதியத்துக்குள் தளம் கல்லுப்போல நின்றுவிட்டது.

இடையில் பார்த்திபன் போன் செய்தான். "மேடம், ஜாக்பாட் அடிச்சிருக்கீங்க! பக்கத்துக்குப் பத்து வெளம்பரம் போடுங்க. எங்க தொட்டாலும் வெளம்பரம் தொறக்கற மாதிரி வெச்சிடுங்க. நான் வந்து பண்ணித் தரட்டா?"

"உன் கடைய மூடிட்டு எலுமிச்சம்பழம் விக்கப் போ" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்தபிறகு ஒரு சந்தோஷம். இப்படிப்பட்ட வெள்ளத்தில் பேராசைப்பட்டு விளம்பரத்தைக் கூட்டினால் கம்பெனி சந்தேகப்படும் என்று அவளுக்குத் தெரியும். எதையும் தொடாமல் அமைதியாக இருக்கவேண்டிய நேரம் அது.

அன்று பிற்பகல் பச்சையம்மா அத்தை படியேறி வந்தாள், அப்பாவுடன் பிறந்தவள். விளாமரத்தூரில் சாமை அறுப்புக்கு ஒரு முறை உண்டு. எந்த வீட்டின் சரிவு நிலம், அவர்கள் பேச்சில் கொல்லை, விளைந்திருக்கிறதோ அதில் ஊரே இறங்கும். கூலி கிடையாது. இன்று உன் கொல்லையில் நான், நாளை என் கொல்லையில் நீ. அறுப்பு முடிந்தால் கொல்லைக்காரர் வந்த அத்தனை பேருக்கும் சோறு போடவேண்டும். செவ்வந்திக்குச் சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது. இருந்தாலும் வருடா வருடம் ஐந்து நாள் முணுமுணுத்துக்கொண்டே போய் எல்லார் கொல்லையிலும் அறுத்துவிட்டு வருவாள்.

"நாளைக்கு நம்ம கொல்ல புள்ள. வர்றியா, இல்லியா?" என்றாள் அத்தை.

"எங்கத்தே வர்றது? ஒரு நாளைக்கு லட்சம் பேரு வந்துனு கீறான்."

அத்தை அறையைச் சுற்றிப் பார்த்தாள். "எங்கடி?"

"இதுல. கம்ப்யூட்டர்ல."

"வந்தா நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான். இப்ப உட்டா போச்சு. பத்து நாள்ல எல்லாவனும் வேற மலைக்குப் போய்டுவான்."

"அப்ப உனக்கும் வெளஞ்சு கீதுன்னு சொல்லு."

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. "ஆமா. வெளஞ்சு கீது."

"இதுல இன்னாடி வரும் உனக்கு?"

"ஓரத்துல வெளம்பரம் வருது பாரு, அத தொட்டா எனக்குக் காசு. அவ்ளோதான். மேல கேக்காத. உனக்கு ஒண்ணியும் புரியாது."

அத்தை மேலே கேட்கவில்லை. கொண்டுவந்த மொச்சைக்கொட்டையை மேசைமேல் வைத்தாள். "ஒத்த ஆளா கஷ்டம்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இறங்கிப்போனாள்.

ஞாயிறும் திங்களும் கூட்டம் குறையவில்லை. கிளிக்குகள் மட்டும் கூட்டத்தைவிட வேகமாக ஏறின. வழக்கமாக நூறு பேர் வந்தால் ஒருவர் விளம்பரத்தைத் தொடுவார். இப்போது அது நாலு, ஐந்து என்று போயிற்று. செவ்வந்தி அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். 'எங்க வெரல் வெக்கறதுன்னுகூடத் தெரியாத கும்பல்' என்று நினைத்துக்கொண்டாள். ஊரில் பாதிப்பேர் முட்டாள்கள் என்பது அவளுக்கு முன்பே தெரிந்த செய்தி என்பதால் அதற்குமேல் காரணம் தேடத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனியின் மின்னஞ்சல் வந்தது. உங்கள் தளத்தில் கிளிக்குகள் இயல்பாக இல்லை, உடனே காரணத்தைக் கண்டறிந்து தெரிவிக்கவும், தொடர்ந்தால் கணக்கு மூடப்படும். அவள் இரண்டு தடவை படித்தாள். அடுத்த விநாடியே மனதில் ஒரு முகம் வந்தது. எலுமிச்சம்பழம் விற்கப் போ என்று அவள் துரத்தியவனின் முகம். அவனுக்கு நாற்பது மாணவர்கள். கிளிக் செய்தே பழகிய விரல்கள். வஞ்சம் தீர்க்கிறான்! பதில் எழுதவில்லை, கணக்கின் உள்ளே போய் எதையும் புரட்டிப் பார்க்கவும் இல்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கினாள்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. செவ்வந்தி வாசலிலேயே நின்று ஆரம்பித்தாள்.

"யோவ் பார்த்திபா! திருடித் துன்றது பத்தாதா? என் அக்கவுண்ட்டுலயா கைய வெப்ப? இந்த மக்குங்கள வெச்சு கிளிக் பண்ணி என்ன மூடப் பாக்கறியா?"

அவள் பேசி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. எலுமிச்சம்பழம் முதல் பேனரில் இருந்த எழுத்துப்பிழைவரை எதையும் விடவில்லை. மாணவர்கள் நோட்டை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பார்த்திபன் முகம் சிவந்தது, ஆனால் கத்தவில்லை.

"மேடம், நான் திருட்டுப் பையன்தான். ஒத்துக்கறேன். ஆனா உங்க அக்கவுண்ட்ட நான் தொடல. கிளிக் எந்த ஊர்லேர்ந்து வருதுன்னு பாத்தீங்களா?"

செவ்வந்தி பார்க்கவில்லை. வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்துப் பையன்கூட முதலில் பார்க்கிற இடம் அது.

"லேப்டாப்ப தொறங்க மேடம்" என்றான். திறந்தாள். ஊர்வாரியான பட்டியலை அவளே வரவழைத்தாள். சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் எல்லாம் ஒழுங்காக, நூற்றுக்கு ஒன்று. ஒரே ஒரு ஊரின் எதிரில் மட்டும் மூன்று நாளில் ஒன்பதாயிரம் கிளிக். ஆட்கள் வெறும் நாற்பத்தொன்று.

"போளூர் இல்ல மேடம்" என்றான் பார்த்திபன் மெதுவாக. "ஜமுனாமரத்தூர் டவர். உங்காளுங்கதான்."

அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. குடிக்காமல் வெளியே வந்து, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஓடி ஏறிவிட்டாள்.

மலையேறும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நாற்பத்தொரு பேர் என்றால் அது விளாமரத்தூர்தான். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் கிடையாது. கம்பெனிக்கு இப்போதாவது எழுதலாம் என்றால் முடியாது. காலையில் அறையிலேயே உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். போன் போட்டு நிறுத்தச் சொல்லிவிட்டுக் கம்பெனிக்கு நாலு வரி எழுதியிருக்கலாம். ஒரு முட்டாளைத் திட்டுவதற்காக முப்பது கிலோமீட்டருக்குமேல் பயணம் செய்தவள் யார் என்று அவளுக்குத் தெரிந்தது. தன்மேல் அப்படி ஒரு வெறுப்பு அவளுக்கு அதற்குமுன் வந்ததே இல்லை.

ஜமுனாமரத்தூரில் நிற்காமல் ஷேர் ஆட்டோ பிடித்து விளாமரத்தூர் போனாள். சரிவில் பச்சையம்மா அத்தையின் கொல்லை, மூன்றாம் நாளாகியும் அறுப்பு முடிந்திருக்கவில்லை. பாதிப்பேர் குனிந்து சாமை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் புளியமரத்தடியில் அரிவாளைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையில் போனோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.  விரல்கள்மட்டும் ஓடின.

"தோ, கொல்லக்காரி வந்துட்டா!" என்று அத்தை கூவினாள். "வா புள்ள. உன் அறுப்புதான் நடந்துனு கீது. பாதி நேரம் சாம, பாதி நேரம் வெளம்பரம். மொற வெச்சு எறங்கறோம். மூணு நாளா!"

"ஏன் அத்தே?" என்று கேட்டாள்.

"இன்னா கேள்வி இது? அஞ்சு வருசமா எங்க கொல்லைல எல்லாம் அறுத்த. உனக்குன்னு ஒரு கொல்ல வெளஞ்சா நாங்க எறங்க வாணாமா? ஒத்த ஆளா எப்டி அறுப்ப?"

தங்கவேல் தலை நிமிராமல் தொட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் கல்பனா. அரிவாள் பிடித்துக் காய்த்த கட்டைவிரலை நீட்டிக் காட்டி அவள் சிரித்தாள்.

"நான் மட்டும் எரநூத்தி எண்பது. யப்பா, கை வலிக்குது. படிச்சவங்க இன்னா வேல பண்றாங்கன்னு எனக்கு இப்பதான் தெரிஞ்சிது. இத்தினி நாளா தப்பா பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத."

செவ்வந்தியின் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் நின்றது. நீங்க அறுக்கல, வேரோட புடுங்கிட்டீங்க. பெரிய படிப்புப் படித்தவர்களுக்கெல்லாம் யோசிக்காமல் சொல்லுகிற மாதிரி அதை அந்த நாற்பத்தொரு பேருக்கும் சொல்லிவிட அவளுக்கு ஒரு விநாடி போதும். ஆனால் சொன்னால் அத்தை திருப்பி ஒன்று கேட்பாள்: தொடக்கூடாதுன்னு அன்னிக்கே ஏன் சொல்லல? அரை நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு அவளிடம் இருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். அதை அந்த முகங்களுக்கு நேராகச் சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை.

அப்போது வரிசையின் கோடியிலிருந்து பூங்கோதை, விளாமரத்தூரிலேயே வேகமான அறுப்புக்காரி, போனை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னா செவ்வந்தி, வெளம்பரம் வந்த எடம் காலியா கீது? தொடறதுக்கு ஒண்ணியும் காணோமே?"

"எனக்கும் வரல" என்றான் தங்கவேல். ஒவ்வொருவராகப் போனைத் தூக்கிக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் பாதை விவரம் இருந்தது, அருவிக்குப் போகும் வழி இருந்தது. ஓரங்களில் வெள்ளையாக வெறும் கட்டங்கள். செவ்வந்தியின் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை.

பச்சையம்மா அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப உன் கொல்ல முடிஞ்சிதா புள்ள?"

"முடிஞ்சிடுச்சி அத்தே."

"சுத்தமாவா? ஒண்ணும் வுட்டுப்போவலியே?"

"ஒண்ணும் வுட்டுப்போவல."

"அப்ப இன்னா, மொறப்படி சோறு போடு" என்றாள் அத்தை. புளியமரத்தடி முழுக்கச் சிரிப்பு எழுந்தது. கல்பனா கையைத் தட்டினாள். கறிக்குழம்பு வேண்டும் என்று சரிவின் கீழிருந்து யாரோ கத்தினார்கள்.

செவ்வந்தி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இளக்காரமாகப் பார்க்க ஒருவரும் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே ஒருத்தி அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் நின்றிருந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கிப் புளியமரத்தின்மேல் சாய்த்து வைத்தாள்.

"போடறேன்" என்றாள். "ஞாயித்துக்கெழம எல்லாரும் வாங்க. ரூமுக்கு இல்ல, அண்ணன் வூட்டுக்கு."